வலி குறைந்தால் பயிற்சி வீணா?

[காட்சி: மும்பை தாதர் ரயில் நிலையம், நடைமேம்பாலம், காலை நெரிசல்]

ஜிம்மில் முதல் முறை ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டவரை தாதர் பாலத்தில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஏறும்போது எப்படியோ சமாளிப்பார். இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவார். பின்னால் வரும் கூட்டம் நிற்குமா?

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பழகாத தசையில் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுவதும் இப்படிப்பட்ட அசைவில்தான். அந்த இடத்தில் அழற்சி கூடி நரம்புகள் கூருணர்வு பெற நேரமாகும். அதனால் வலி மறுநாள்தான் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். பயிற்சியின்போது தசையில் உருவாகும் லாக்டிக் ஆசிட் மீது இந்த வலிக்கான பழியைப் போடுவது ஜிம் வழக்கம். அதுவோ பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ரத்தத்தைவிட்டு நீங்கிவிடும்.

[காட்சி: தாராவியில் ஒரு சின்ன ஜிம்]

சில வாரம் போனதும் கேள்வி வரும்: "அண்ணே, இப்பல்லாம் வலிக்கவே மாட்டேங்குது. வெயிட்டை ஏத்தணுமா?"

அவசியமில்லை தம்பி. ஒரே ஒரு தடவை செய்த பயிற்சிகூட அந்தத் தசைக்குப் பல வாரம் பாதுகாப்பு தரும். மூளை பாரத்தைத் தசை நார்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் விதம் மாறுகிறது, தசையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு உறுதியாகிறது, அழற்சியும் அடங்கி நடக்கிறது. வலி குறைந்த பிறகும் தசை வளரும். முன்னேற்றம் தெரிய வேண்டுமா, தூக்கிய எடையையும் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதிவையுங்கள். என்னைக் கேட்டால், வலியை வைத்துப் பயிற்சிக்கு மார்க் போடுவது சுத்த அபத்தம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு பழகிய தசைக்கும் பழகிய அசைவுக்கும்தான். மரைன் டிரைவ் சமதளத்தில் தினமும் ஓடுபவர் ஒருநாள் மலபார் ஹில் சரிவில் ஓடி இறங்கட்டும், மறுநாள் தொடை பேசும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவருக்கும் இதே கதிதான். பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்கினால் போதும்.

[காட்சி: திரை முழுதும் சிவப்பு எச்சரிக்கை]

மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி இந்தக் கணக்கில் சேராது. கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் பால் கலக்காத டீ நிறத்தில் போனால் தசை பெருமளவில் சிதைந்திருக்கலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அப்போது வீடியோ பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.