குவெய்ன்ட்டா, குவைத்தா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'குவெய்ன்ட் என்ற ஆங்கிலச் சொல் பாராட்டா, பரிகாசமா?' பாராட்டே! பழசுதான், ஆனா மனசுக்குப் பிடிச்ச பழசுன்னு சொல்ல வெள்ளைக்காரன் வச்சிருக்கிற ஒத்தைச் சொல் அது.

எதிரணி ஐயா என்ன சொன்னாரு? 'இந்த அம்மா கட்டியிருக்கிற சுங்குடிப் புடவையும் குவெய்ன்ட்தான்'னாரு. நீங்களும் கை தட்டினீங்க, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஐயா, இது எங்க அம்மா புடவை. நீங்க சொன்னதும் முன் வரிசையில நாலு பேர் எட்டிப் பார்த்தாங்க. ஒருத்தங்க 'எங்க எடுத்தது'ன்னு சைகையில கேக்கிறாங்க. உங்க சட்டையை யாராவது கேட்டாங்களா?

'ஆதியில இதுக்குத் தந்திரக்காரன்னுதானே அர்த்தம்'னும் குத்தினாரு. ஆமா. பழைய பிரெஞ்சு வழியா 13-ஆம் நூற்றாண்டு வாக்கில இங்கிலீஷுக்குள்ள வந்தப்ப கெட்டிக்காரன், தந்திரக்காரன். அப்புறம் நுணுக்கமா செஞ்சது. அப்புறம் விசித்திரம். இன்னைக்கு இருக்கிற அர்த்தம் 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலதான் ஒட்டிக்கிச்சு. பூர்வீகத்தைத் தோண்டினா 'நைஸ்' என்ன? 'ஒண்ணும் தெரியாதவன்'ங்கிற லத்தீன் சொல்! மேடை ஏறும்போது ஐயா என்னைப் பார்த்து 'நைஸ் டு மீட் யூ'ன்னாரு. நான் கோவிச்சுக்கிட்டேனா?

இங்கிலாந்துல பைபரின்னு ஒரு கிராமம். 14-ஆம் நூற்றாண்டுல கம்பளி வைக்கக் கட்டின கல் கட்டடத்தை, 17-ஆம் நூற்றாண்டுல நெசவாளர் வீடுகளா மாத்தினாங்க. அந்த வீட்டு வரிசையைப் பார்க்க இன்னைக்கும் கூட்டம் கூட்டமா வர்றாங்க. பரிகாசம் பண்ணவா?

அதை விடுங்க. எங்க ஆச்சி கதைக்கு வாரேன். வள்ளியூர் பக்கம் வீடு. தம்பியோட வேலை பார்க்கிற இங்கிலாந்து அம்மா ஒருத்தங்க வந்தாங்க. அடுக்களையில மர அஞ்சறைப்பெட்டி. அதோட மூடியை இழுக்கிறாங்க, மூடுறாங்க, மோந்து பார்க்கிறாங்க. 'ஹவ் குவெய்ன்ட்!'

ஆச்சி திரும்பினாங்க. 'ஏட்டி, குவைத்தா?'

எங்க மாமா இருபது வருஷமா குவைத்துல.

அந்தம்மா தலையாட்டி, 'யெஸ், வெரி குவெய்ன்ட்!'

'வெரி குவைத்தா? அப்ப குவைத்துக்கும் அங்கிட்டா?'

நான் சிரிப்பை அடக்குறேன், முடியல. ஆச்சி அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'எம் மவனப் பாத்தியாம்மா? மெலிஞ்சிருக்கானா? நேரத்துக்குத் திங்கானா?' எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. அந்தம்மா என் முகத்தைப் பார்க்கிறாங்க. எனக்கு மொழிபெயர்க்க வாய் வரல. ஆச்சி ஒரு டின் நிறைய முறுக்கு கட்டிக் கொடுத்து, 'அவன்ட்ட குடுத்திரு'ன்னாங்க. வாசல்ல வச்சுத்தான் விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா டின்னைத் திருப்பித் தரல. மாமா விலாசத்தை எழுதி வாங்கிக்கிட்டுப் போனாங்க.

நடுவரே, குவெய்ன்ட்டுக்கு வேர் 'காக்னிடுஸ்'ங்கிற லத்தீன். அர்த்தம், 'தெரிஞ்சது'. அறிமுகமானவரை 'அக்வெய்ன்டன்ஸ்'ங்கிறோமே, அதுக்கும் அதே வேர்தான்.

ஒரு மாசம் கழிச்சு குவைத்துல இருந்து போன். 'யாரோ லண்டன்ல இருந்து முறுக்கு அனுப்பியிருக்காங்கம்மா, எல்லாம் நொறுங்கிப்போச்சு... நம்ம வீட்டு முறுக்கும்மா.' அதுக்கு மேல மாமாவால பேச முடியல.

ஆச்சி போனை எங்கிட்டக் கொடுத்துட்டுச் சொன்னாங்க: 'நாந்தான் சொன்னேம்லா, அது தெரிஞ்ச புள்ளன்னு.'