கம்பெனி வேனும் டவுன் பஸ்ஸும்

வணக்கம். ஹாரன் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிறேன். மணி காலை எட்டாகப் போகிறது. பின்னால் பாருங்கள், பெண்கள் காசில்லாமல் போகிற அரசு டவுன் பஸ் ஒன்று வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான். கையில் கட்டைப்பை, அதற்குள் சோத்துப்போசி, தண்ணீர் பாட்டில். எட்டரைக்குப் பனியன் கம்பெனியில் டேபிளில் உட்கார்ந்தாக வேண்டும். அதனால்தான் யாரும் நின்று பேசாமல் ஓடுகிறார்கள்.

நான் பல வருடமாக ஏற்றுமதி, வரி, டாலர் விலை என்று எழுதுகிறவன். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, இந்த ஊரில் எல்லோரும் பேசியது ஆர்டரைப் பற்றித்தான். வருடத்துக்குச் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர், அதற்கு ஆக முக்கியமான சந்தை அமெரிக்கா. பேசாமல் இருக்க முடியுமா? ஆனால் வரி என்பது ஒரு வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று எனக்குப் புரியவைத்தது, பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் அக்கா ஒருவர். செக்கிங் வேலை, அதாவது தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. தினமும் ஊர் முக்குக்கே கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆர்டர் குறைந்ததும், ராத்திரி எட்டரை வரை போகும் ஒன்றரை ஷிஃப்ட், ஐந்தரைக்கு முடியும் ஒரு ஷிஃப்ட் ஆனது. அப்புறம் வாரத்தில் நாலு நாள் வேலை. ஒரு திங்கட்கிழமை வேனே வரவில்லை. டிரைவருக்குப் போன் போட்டால், "ஆள் கம்மியாயிருச்சுங்க்கா, இனி அந்தப் பக்கம் வண்டி வராதுங்க" என்றாராம்.

கம்பெனி வேனை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஏற்றி, ராத்திரி அங்கேயே இறக்கிவிடுகிறது. பெண்களுக்கு அது பெரிய தைரியம். ஆனால் அந்த வேன் ஒரே ஒரு கம்பெனி கேட்டுக்குத்தான் போகும். பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்ட்டுக்கு 30 ரூபாய் கூடக் கொடுத்தாலும், அங்கே போக வண்டி கிடையாது. சம்பளம் பேசும்போது முதலாளிக்கும் அது தெரியும், வேலை செய்கிறவருக்கும் அது தெரியும்.

டவுன் பஸ் அப்படி இல்லை. அது பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் நடப்பது என்பது அவர்கள் இஷ்டம். அந்த அக்கா என்ன செய்தார் தெரியுமா? அரசு பஸ் ஏறி வந்து, உள்நாட்டு ஆர்டர் செய்கிற கம்பெனிகளாகத் தேடித் தேடி மூன்று நாள் அலைந்தார். முதல் இரண்டு நாள் வெறுங்கையோடு திரும்பினார். "டிக்கெட்டுக்குக் காசு கேட்டிருந்தா ரெண்டாவது நாளே வூட்ல உட்கார்ந்திருப்பனுங்க" என்றார். மூன்றாவது நாள், உள்ளூர் மொத்த வியாபாரம் நடக்கிற காதர்பேட்டைக்குச் சரக்கு போடுகிற ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் வாரம் ஆறு நாளும் வேலை இருக்கிறது.

இதோ, இந்தச் சீட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒரு சகோதரி கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கைக்குள் அடங்குகிற காகிதம், கட்டணம் கிடையாது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இந்தச் சீட்டு கிடைக்கிறது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கிய மானியம் 3,600 கோடி. பெரிய தொகைதான். இதை 'ஓசி' என்று சிலர் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நாட்டில் ஆலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் தைத்து, பிரித்து, மடித்து அனுப்பியதில்தானே டாலர் வருகிறது!

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன. அதில் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். அதனால் தனியார் பஸ் வந்தால் விட்டுவிட்டு, அரசு பஸ்ஸுக்காக அரை மணி, முக்கால் மணி நிற்கிறார்கள். காசு மிச்சம், நேரம் செலவு. அதைவிடக் கஷ்டம் ராத்திரியில். ஒன்றரை ஷிஃப்ட் முடிய எட்டரை ஆகிவிடும். கேட்டைத் தாண்டி ஓடிவருவதற்குள் கிராமத்துக்குப் போகிற கடைசி பஸ் கிளம்பிவிட்டால், ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் அன்று சம்பாதித்த அரை ஷிஃப்ட் சம்பளத்தில் பாதி போய்விடும். அதற்குப் பயந்தே அரை ஷிஃப்ட் வேண்டாம் என்று ஐந்தரைக்கே வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. கூடுதல் மானியம்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடைசி டிரிப்பை ஒன்பது மணிக்குத் தள்ளிவைக்கலாமே? கம்பெனி சங்கு எப்போது ஊதும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், பஸ் டைம் போடுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். இந்த பஸ்ஸிலேயே கிராமம் வரை போய்ப் பார்க்கப் போகிறேன். எனக்கு டிக்கெட் உண்டு, எடுத்துவிட்டேன். ராத்திரி எட்டரைக்கு ஒரு கம்பெனி வாசலில் கேமராவை மறுபடி ஆன் செய்கிறேன். கடைசி பஸ்ஸை எத்தனை பேர் பிடிக்கிறார்கள், எத்தனை பேர் விடுகிறார்கள் என்று சேர்ந்தே எண்ணுவோம்.