ராத்திரி சப்பாத்திக்கு மாறிவிட்டால் சுகர் குறையுமா?

(திரையில்: மதுரையில் ஒரு தெருவோரக் கடை, இரவு ஒன்பது மணி. இட்லிக் கொப்பரையைத் திறக்கிறார்கள்.)

வணக்கம். நம்ம ஊரில் ராத்திரி என்றால் டிபன்தான். அதனால் சுகர் என்று தெரிந்த வீட்டில் முதலில் மாறுவதும் ராத்திரிச் சாப்பாடுதான். இட்லி போய் சப்பாத்தி வரும். காலையில் கேழ்வரகுக் கஞ்சி வரும். மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால் நம்பர் அசையாமல் நிற்கும். "சோறே தொடுவதில்லை, அப்புறமும் ஏன் இப்படி?" என்று மனசு விட்டுப்போய், கட்டுப்பாட்டையே கைவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

(திரையில்: ஒரு தட்டில் மூன்று சப்பாத்தி, பக்கத்துத் தட்டில் நான்கு இட்லி.)

ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது முக்கியமாக மாவுச்சத்து. 30 கிராம் கோதுமை மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் அது சுமார் 20 கிராம் இருக்கும். வீட்டு இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம். இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று சப்பாத்திக்கு 60 கிராம், நான்கு இட்லிக்கு 50-க்குள். கோதுமை நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் உருளைக்கிழங்கு குருமாவோடு மூன்று சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, இட்லியை விட்டதால் சுகர் இறங்கும் என்று காத்திருந்தால் இறங்காது.

கஞ்சி விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கேழ்வரகு அருமையான தானியம், சுண்ணாம்புச்சத்து நிறைய. ஆனால் அதை நைசாக அரைத்து, கரைத்து, கொதிக்கவிட்டு டம்ளரில் குடிக்கும்போது வயிற்றுக்குச் செரிக்கிற வேலையே மிச்சமில்லை. மடமடவென்று குடித்தால் சர்க்கரையும் மடமடவென்று ஏறும். அதே மாவில் வெங்காயம், முருங்கைக்கீரை போட்டு அடை தட்டி, மென்று சாப்பிடுங்கள். வித்தியாசத்தை வீட்டில் சுகர் பார்க்கும் மிஷினே காட்டும்.

(திரையில்: உள்ளங்கையில் குதிரைவாலி அரிசி. இரண்டு வகை, ஒன்று பளிச்சென்ற வெள்ளை, இன்னொன்று லேசான பழுப்பு.)

பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரியில் விளைகிற குதிரைவாலி நமக்குக் கைக்கெட்டிய தூரம். ஆனால் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளபளவென்று தீட்டிய குதிரைவாலியில் தவிடு போய்விடும், தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடும். லேசாகப் பழுப்பு நிறத்தில் இருப்பதே நல்லது. அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் கொஞ்சமாக வாங்குங்கள்.

சமைக்கும் விதம் இப்படி. ஒரு டம்ளர் குதிரைவாலியைக் களைந்து அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் போட்டு, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்து, பத்து நிமிஷம் மூடியைத் திறக்காதீர்கள். பொலபொலவென்று இருக்க வேண்டும், குழைந்தால் மறுபடி கஞ்சிக் கதைதான். இன்னொன்று, நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால், குதிரைவாலியில் சுமார் 65. வித்தியாசம் அவ்வளவே. சிறுதானியம் என்பதற்காக இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளாதீர்கள்.

(திரையில்: காலித் தட்டு. காய், பருப்பு, சோறு என்ற வரிசையில் ஒவ்வொன்றாக வைக்கிறார்கள்.)

நான் மாற்றச் சொல்வது தட்டைத்தான். பாதித் தட்டு காய்: பீர்க்கங்காய், சுரைக்காய், கத்தரிக்காய், கீரை, அவரை. கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன். மிச்சக் கால் தட்டுதான் சோறோ இட்லியோ. அயிரை மீன் குழம்பு வைக்கிற நாளில் மீனைக் கூட்டிக்கொண்டு சோற்றைக் குறையுங்கள். சாப்பிடும் வரிசையும் முக்கியம். முதலில் காயும் பருப்பும், கடைசியில் சோறு. இப்படிச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு காய்க்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம்தான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் நம்ம மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. காலையில் போனால் விலையும் தோதாக இருக்கும், காயும் புதுசு.

இட்லியை விட மனசில்லையா? விட வேண்டாம். நாலுக்கு ஒன்று என்று போடும் உளுந்தை மூன்றுக்கு ஒன்றாக்குங்கள், தோலோடு இருக்கும் கருப்பு உளுந்தாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை. தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி போதும்.

பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினால் எத்தனை உள்ளே போனது என்றே தெரியாது, அதனால் அது எப்போதாவது ஒன்று. ஜிகர்தண்டாவில் பாலோடு சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்கிறது. பருத்திப்பாலில் வெல்லமோ கருப்பட்டியோ. கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்பதை தயவுசெய்து நம்பாதீர்கள். ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான்.

(திரையில்: குளுக்கோமீட்டரில் விரல் நுனி ரத்தம்.)

யாருக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று மிஷினிடமே கேளுங்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு அப்போது 180-க்குள் இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் 80 முதல் 130. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு, டாக்டர் சொல்வார். கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் பருப்பையும் கீரையையும் கூட்டும் முன் கேட்டே ஆக வேண்டும்.

இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிடாதீர்கள். மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் லோ சுகர் வரும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பசி கண்ணைக் கட்டும். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். சரியான பிறகு அந்த நம்பரையும் நேரத்தையும் எழுதிவைத்து, மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.