இரண்டாவது பெயர்

நண்பர்களே, வணக்கம்.

தன்பாலின இணையர் தத்தெடுப்பதைப் பற்றி எங்கே பேசினாலும், "அவர்களுக்கு இந்த உரிமையைக் கொடுக்கலாமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. குழந்தையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். ஒரு பிள்ளையை இரண்டு பேர் சேர்ந்து வளர்க்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் ஒருவர்தான் பெற்றோர். மற்றவர் கையெழுத்து பள்ளியில் செல்லாது, ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கும்போதும் செல்லாது. பெயர் பதிவான பெற்றோர் திடீரென்று இறந்துவிட்டால், இத்தனை வருடம் தூக்கி வளர்த்தவர் அந்நியராகிவிடுவார். அந்தப் பிள்ளை ஒரே நாளில் இரண்டு பேரையும் இழக்க நேரலாம்.

இதற்கு அஞ்சித்தான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏப்ரல் டெபோயர், ஜேன் ரௌஸ் என்ற இரண்டு செவிலியர்கள் 2012-இல் நீதிமன்றம் போனார்கள். ஆளுக்குத் தனித்தனியாகத் தத்தெடுக்க அந்த மாநிலம் அனுமதித்தது. சேர்ந்து தத்தெடுக்க மட்டும் திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்றது, திருமணத்துக்கோ தடை. பிள்ளைகளுக்காகத் தொடுத்த அந்த வழக்கு திருமண உரிமை வழக்காக வளர்ந்து, 2015-இல் தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பில் வந்து சேர்ந்தது.

இந்தியாவிலும் முடிச்சு அதே இடத்தில்தான் விழுந்திருக்கிறது. தனிநபர் தத்தெடுக்கலாம் (ஆணாக இருந்தால் பெண் குழந்தை கிடையாது). இணையராக எடுக்க, இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் சந்திரசூட், கௌல் இருவரும் இந்த விதி பாகுபாடானது என்றார்கள். மற்ற மூவரும் அதை ரத்து செய்ய மறுத்துவிட்டார்கள்.

சரி, தனியாக எடுக்க வருபவருக்காவது நிம்மதி உண்டா? பிரான்ஸில் தன்பாலீர்ப்பாளரான ஓர் ஆசிரியை விண்ணப்பித்தார். தனிநபருக்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தும், வீட்டில் தந்தை ஸ்தானத்தில் ஒருவர் இல்லை என்று மறுத்தார்கள். தனியாக வரும் எந்தப் பெண்ணுக்கும் இதைச் சொல்லலாமே! 2008-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

இப்படி வளரும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று மனதார கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் நெதர்லாந்து 2001-லேயே சேர்ந்து தத்தெடுக்க வழிவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2002-லேயே இரண்டாவது பெற்றோரின் தத்தெடுப்பை, அதாவது ஒருவரின் பிள்ளையை அவருடைய இணையரும் சட்டப்படி தத்தெடுப்பதை, ஆதரித்தது. குழந்தைகளைத் தினமும் பார்க்கிற மருத்துவர்கள் அவர்கள்.

விசாரணையைத் தளர்த்தச் சொல்லவில்லை. வருமானம், உடல்நலம், பொறுமை, பிள்ளையோடு செலவிட நேரம் எல்லாவற்றையும் பாருங்கள், எல்லோருக்கும் ஒரே அளவுகோலில். அதற்கு நாளாகும் என்றால், முதலில் ஒன்று செய்யுங்கள்: ஒருவர் பெயரில் தத்தெடுக்கப்பட்டு இன்று இரண்டு பேரிடம் வளர்கிற பிள்ளைகளின் ஆவணத்தில், அந்த இன்னொருவரின் பெயரையும் சேர்க்க வழிசெய்யுங்கள்.