சால்ஸ்பரியோட பக்கத்தை எப்படி வாசிக்கிறது?

வணக்கம் மக்களே. 1567-ல அச்சான, வேல்ஸ் நாட்டு வெல்ஷ் மொழிப் புதிய ஏற்பாட்டைத் திறந்தா, வெல்ஷ் நல்லா தெரிஞ்சவங்களே முதல் பக்கத்துல முழிப்பாங்க. மொழிபெயர்ப்பு மோசம்னு முடிவு கட்டிடாதீங்க. படுத்துறது, அதுல பெரும்பகுதியை மொழிபெயர்த்த வில்லியம் சால்ஸ்பரியோட எழுத்துமுறை.

வெல்ஷ்ல அப்பாவுக்கு 'தாட்'. 'என்'னு சொல்ற 'வ' முன்னாடி வந்தா, தகரம் போய் மூக்கொலி வந்துடும்: 'வ ந்ஹாட்'. நம்ம புணர்ச்சிதான், பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகுதே, அது மாதிரி. சால்ஸ்பரி வேர்ச்சொல் கண்ணுக்குத் தெரியட்டும்னு 'வ-தாட்'னே எழுதிட்டார். நடுவுல சின்னக் கோடு இருந்தா, மாத்திப் படிக்க வேண்டியது உங்க வேலை. 'ப' இருந்தா 'ம்ஹ', 'க' இருந்தா 'ங்ஹ'.

அடுத்த சிக்கல் லத்தீன் வேஷம். கடவுளுக்கு 'டியூ'ன்னு சொல்றதை 'தெயோ'ன்னு எழுதுவார். மனுஷன் மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர். தன் மொழிக்குப் பழைய குலப்பெருமை இருக்குன்னு காட்டணும். ஒரே சொல்லை வேற வேற மாதிரி எழுதுறதையும் வளம்னுதான் நினைச்சார். அதனால எழுத்துப் பிழைன்னு திருத்த உட்காராதீங்க.

இதெல்லாம் தனியா உட்கார்ந்து படிக்கிற பண்டிதருக்குச் சரி. ஆனா பைபிளை வெல்ஷ்ல மொழிபெயர்க்கச் சொன்ன 1563 சட்டம் கேட்டது சர்ச்ல சத்தமா வாசிக்கிற புத்தகம்! கிராமத்துப் பாதிரியார் பார்த்தவுடனே மனசுக்குள்ள புணர்ச்சி போட முடியுமா? அச்சுல இருக்கிறதை அப்படியே வாசிச்சா, கேக்கிறவங்களுக்குக் காது கூசும். வெல்ஷ் எழுத்தாளர் மோரிஸ் கிஃபின் 1595-ல கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார்.

ஒரு குட்டி விஷயம். 1547-ல சால்ஸ்பரி போட்ட பழமொழிப் புத்தகத்தோட தலைப்புல 'கே' (K) எழுத்து இருக்கு. 1567-க்கு வந்தா அந்த இடத்துல 'சி' (C). காரணம் இலக்கணம் இல்ல. வெல்ஷ்க்குத் தேவையான அளவு 'கே' அச்செழுத்து அச்சகத்துல இல்லைன்னு அவரே சொல்றார். இன்னிக்கும் வெல்ஷ் நெடுங்கணக்குல 'கே' கிடையாது.

புத்தகம் முழுக்க அவர் கை இல்ல. ஒன்று தீமோத்தேயு, எபிரெயர், யாக்கோபு, பேதுருவோட ரெண்டு நிருபங்கள், இதெல்லாம் பிஷப் ரிச்சர்ட் டேவிஸ் பண்ணது. வெளிப்படுத்தின விசேஷம் தாமஸ் ஹியூவெட். மத்த எல்லாம் சால்ஸ்பரி. 1588-ல முழு பைபிள் கொண்டுவந்த வில்லியம் மார்கன், இந்த வேஷத்தைக் கலைச்சுட்டு, உள்ளே இருந்த வாக்கியங்கள்ல நிறையவே வெச்சுக்கிட்டார்.

அதனால ஒரு வசனத்தை எடுத்து ரெண்டு பதிப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, வாய்விட்டுப் படிங்க. ஓரக்குறிப்பை விட்டுடாதீங்க. உள்ளே ஒரு சொல் போட்டுட்டு, மாத்துச் சொல்லை அங்கதான் ஒதுக்கி வெச்சிருப்பார்.