அந்த மெயில்ல இல்லாத பேரு

வணக்கம் நேயர்களே. சென்னையில சோழிங்கநல்லூர், சிறுசேரின்னு ஓஎம்ஆர் ரோடு பக்கம் பதினேழு வருஷமா ஐடி வேலை பாக்குறவன் நான். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு நாங்க எல்லாரும் "சாஃப்ட்வேர்ல இருக்காங்க", அவ்ளோதான். உள்ள வந்து ரெண்டு வாரம் உக்காந்தா தெரிஞ்சிடும் யாரு மேல, யாரு கீழன்னு. மொத்த சிஸ்டம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற ஆர்க்கிடெக்ட் உச்சில, அப்புறம் கோட் எழுதுற டெவலப்பர், இப்போ ஏஐ டீம்னா அதுக்குத் தனி மரியாதை, அதுக்குக் கீழ டெஸ்டிங், அதுக்கும் கீழ ஓடிட்டிருக்கிற சிஸ்டம் நிக்காம பாத்துக்குற சப்போர்ட், சப்போர்ட்லயும் எல்3, எல்2, எல்1னு மூணு படி, எல்லாத்துக்கும் கடைசில கான்ட்ராக்ட்ல வந்தவங்க. நான் அப்போ இருந்த இடத்துல அவங்க ஐடி கார்டு கயிறே வேற கலரு, எங்களுக்கு நீலம், அவங்களுக்குப் பச்சை, லிஃப்ட்ல ஏறும்போதே தெரிஞ்சிடும்.

இந்த வரிசை திறமைய வெச்சு வந்ததுன்னு ரொம்ப நாள் நானும் நம்பிட்டிருந்தேன். ஆனா இது எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. ஒரே மாதிரி காலேஜ், ஒரே மாதிரி மார்க்கு, ஒரே சம்பளத்துல சேந்த நாப்பது பசங்களுக்கு ட்ரெய்னிங் முடியுற அன்னைக்கு ஒரு மெயில் வரும், நீ ஜாவா, நீ மெயின்ஃப்ரேம், நீ டெஸ்டிங், நீ சப்போர்ட்னு. பெரும்பாலும் அந்த மாசம் எந்த ப்ராஜெக்ட்டுக்கு ஆள் வேணுமோ அங்க தள்ளி விடுறது தான். சப்போர்ட்னு வந்ததும் கேன்டீன்ல சாப்பாட்ட அப்படியே வெச்சிட்டு அழுதவங்கள நான் பாத்திருக்கேன். அழத்தான் செய்வாங்க, ஏன்னா மூணு வருஷம் கழிச்சு வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போனா "ஓ, சப்போர்ட்டா"ன்னு ரெசுமேவ ஓரமா வெச்சிடுறாங்க.

அப்புறம் ரேட் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. எந்த ரோலுக்கு மணிக்கு எவ்ளோ டாலர்னு, வேலை குடுக்குற க்ளையன்ட்கிட்ட முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்க, அந்த ரேட்டு தான் ஆபீஸ்குள்ள மரியாதையா வந்து நிக்குது. நம்ம வேலைக்கு ரேட்டிங் போடுற அப்ரைசல் இன்னும் கஷ்டம். டெவலப்பர் "இந்த ஸ்க்ரீன் நான் பண்ணது"ன்னு காட்டலாம், சப்போர்ட் ஆளு எத காட்டுவாங்க? அவங்க வேலைய சரியா பாத்தா அன்னைக்கு ஒண்ணுமே நடக்காது. "ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ஒண்ணும் நடக்காம பாத்துக்கிட்டேன்"னு ஃபார்ம்ல எழுதினா அதப் படிச்சு ரேட்டிங் ஏத்தின மேனேஜர நான் பாத்ததில்ல.

இவ்ளோ மதிப்பா நினைக்கிற கோடிங்கே ஒரு காலத்துல கீழ் வேலையா தான் இருந்துச்சு, இது எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ராணுவத்துக்காக எனியாக்னு ஒரு கம்ப்யூட்டர் கட்டினாங்க, பழைய ரேடியோல இருக்குமே, அந்த மாதிரி கிட்டத்தட்ட 18,000 வால்வு, 30 டன் எடை. மெஷினக் கட்டுறது தான் பெரிய வேலை, அதுல கணக்க ஏத்துறது ஏதோ குமாஸ்தா வேலைன்னு நினைச்சு ஆறு பெண்கள்கிட்ட குடுத்தாங்க. கே மெக்னல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். பேர முழுசா சொல்றேன், சொல்லணும். ஆரம்பத்துல அந்த மெஷின் இருக்கிற ரூமுக்குள்ள போகவே அவங்களுக்கு அனுமதி இல்ல, வயரிங் படத்த மட்டும் கைல குடுத்தாங்க, அத வெச்சே கத்துக்கிட்டாங்க. 1946 பிப்ரவரில உலகத்துக்கு அத காட்டினப்போ ஒரு பீரங்கிக் குண்டு போற பாதைய, குண்டு பறந்து போய் விழுற நேரத்த விட வேகமா மெஷின் கணக்குப் போட்டுச்சு, எல்லாரும் அசந்துட்டாங்க. அந்த ப்ரோக்ராம தயார் பண்ணது அந்த ரெண்டு பெட்டிங்க தான். அன்னைக்கு ராத்திரி பெரிய விருந்து, இந்த ஆறு பேரையும் கூப்பிடல. நாப்பது வருஷம் கழிச்சு கேத்தி கிளைமன்னு ஒரு மாணவி பழைய போட்டோவப் பாத்துட்டு இவங்க யாருன்னு விசாரிச்சா, மெஷின் பக்கத்துல அழகுக்கு நிக்க வெச்ச மாடலுங்கன்னு பதில் வந்துச்சு.

மரியாதை கிடைக்கலங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும். கீழ இருந்து வர்ற பேச்சு மேல போய் சேராதது தான் எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல்னு ஒரு பங்கு வர்த்தக நிறுவனம், எட்டு சர்வர்ல புது கோட் போடணும், ஒண்ணுல மட்டும் விட்டுப் போச்சு. மார்க்கெட் தொறந்து முக்கால் மணி நேரத்துல 44 கோடி டாலருக்கு மேல நஷ்டம். அன்னைக்கு மார்க்கெட் தொறக்குறதுக்கு முன்னாடியே சிஸ்டம் அந்தக் கோளாறப் பத்தி தானா 97 மெயில் அனுப்பியிருக்கு, ஊழியர்கள் மெயில் பாக்ஸ்ல தான் கிடந்துச்சு, யாரும் கண்டுக்கல.

எங்க டீம்ல நடந்ததையும் சொல்லிடறேன். வெளிநாட்டு க்ளையன்ட், மாசக் கடைசில சம்பளக் கணக்கு ஓடணும். பச்சைக் கயிறு போட்ட ஒரு பொண்ணு, எல்1, நைட் ஷிஃப்ட், டிஸ்க்குல இடம் நிறைஞ்சிட்டே வருதுன்னு அந்த மாசத்துல மூணு டிக்கெட், அதாவது புகார், போட்டிருந்தாங்க. மூணும் லோ ப்ரயாரிட்டி, எல்1 போட்டதுன்னா அப்படித்தான் கிடக்கும். கடைசி நாள் ராத்திரி ரெண்டே காலுக்கு அந்த சம்பளக் கணக்கு ஜாப் நின்னுடுச்சு. கான்ஃபரன்ஸ் கால்ல பதினாலு பேரு, டெவலப்பர், டீம் லீட், மேனேஜர், ஆன்சைட்ல, அதாவது க்ளையன்ட் இடத்துல இருந்து நாலு பேரு, ஆளாளுக்கு கோட்ல தான் கோளாறுன்னு பேசிட்டிருக்கோம். அந்தப் பொண்ணு ரெண்டு தடவ "அண்ணா, டிஸ்க்..."ன்னு ஆரம்பிச்சாங்க, மேல மேல பேச்சு வந்து அமுங்கிப் போச்சு. கடைசில சேட்ல எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாங்க, நூறு சதவீதம், சிவப்புக் கலர்ல. சிஸ்டம் தானா எழுதி வெக்குற பழைய லாக் ஃபைல எல்லாம் எங்க நகத்தலாம்னு லிஸ்ட்டு கூட போட்டு வெச்சிருந்தாங்க. அதுபடியே நகத்தினோம், நாப்பது நிமிஷத்துல ஜாப் ஓடி முடிஞ்சுது, சம்பளம் எல்லாருக்கும் போச்சு.

மறுநாள் க்ளையன்ட் பாக்குற மாதிரி ஒரு பாராட்டு மெயில் போச்சு, டெவலப்பர் பேரு இருந்துச்சு, லீட் பேரு இருந்துச்சு. கான்ட்ராக்ட் ஆளுங்க பேர அந்த மாதிரி மெயில்ல போடுறதில்லன்னு ஒரு வழக்கம். அந்த லீட் நான் தான், மெயில டைப் பண்ணதும் நான் தான், அவங்க பேர எழுதிட்டு அழிச்சதும் நான் தான்.

ரெண்டு மாசத்துல அவங்க கான்ட்ராக்ட் முடிஞ்சு போயிட்டாங்க. ரொம்ப வருஷம் அது உறுத்திட்டே இருந்துச்சு. போன வருஷம் ஒருத்தர்கிட்ட நம்பர் வாங்கி போன் பண்ணேன், கோயம்புத்தூர்ல இருக்காங்க, நல்லா இருக்காங்க. நடந்ததெல்லாம் சொல்லி மன்னிச்சிடும்மான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாங்க, "பரவால்லண்ணா, அந்த டிஸ்க் அலர்ட்ட 80 சதவீதத்துக்கு கொறைக்க சொல்லியிருந்தேனே, அத மாத்தினாங்களா?"