படகு சிரிச்சா நமக்கு அழுகைதான்: கீல் ஜாயின்ட் சீல் பண்ணலாம் வாங்க

வணக்கம் மக்களே, காத்து சத்தம் ஜாஸ்தியா இருக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. சவுத்தாம்டன் பக்கத்துல ஹேம்பிள் ஆத்தோரம் யார்டுல நிக்கிறேன், பின்னாடி தெரியுறது நம்ம படகு, 26 அடி, கரையேத்தி தாங்கி மேல வச்சிருக்கு. நேத்து கிரேன் பெல்ட்ல தொங்கும்போது எடுத்த வீடியோ இது, கீலும் ஹல்லும் (அதாவது படகோட உடம்பு) சேர்ற இடத்துல முன்பக்கம் பாருங்க. ஒரு கோடு வாயைத் திறந்த மாதிரி வளைஞ்சு போகுதா? இதைத்தான் இங்க எல்லாரும் ஸ்மைல்னு சொல்றாங்க. படகு சிரிக்குது, எனக்குத்தான் வயித்தைக் கலக்குது.

கீல்னா தெரியாதவங்களுக்கு, பாய்மரப் படகு காத்துல கவுந்துடாம இருக்க அடியில தொங்குற வெயிட். என்னோடது வார்ப்பிரும்பு, ஒரு டன்னுக்கு மேல. அது ஹல்லை ஊடுருவி வர்ற போல்ட்ல தொங்குது, உள்ள பில்ஜ்ல, அதாவது படகோட உள்பக்க அடித்தட்டுல, நட்டு போட்டு முறுக்கியிருப்பாங்க. தொங்கவிட்டா வெயிட் கீழ இழுக்குது, கோடு திறக்குது, தாங்கி மேல வச்சா படகோட எடை அமுக்கி மூடிக்குது. இப்ப பாருங்க, நேத்து விசிட்டிங் கார்டு உள்ள போச்சு, இன்னைக்கு ஒரு பேப்பர் கூட நுழையல.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடுறேன், கமெண்ட்ல தினமும் கேக்குறீங்க. சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கிற பசை, கீலைப் பிடிச்சு வைக்காது! பிடிக்கிறது போல்ட்டு. சீலன்ட்டோட வேலை அந்த போல்ட் மேல உப்புத்தண்ணி படாம பாத்துக்கிறது, அவ்ளோதான். ஸ்டெயின்லெஸ் தானே துருப்பிடிக்காதுனு நினைப்பீங்க, ஆனா காத்து படாத இடுக்குல உப்புத்தண்ணி தேங்கிட்டா அதோட பாதுகாப்புப் படலம் போயிடும், போல்ட்டை நடுவுல கழுத்து மாதிரி ஒல்லியா அரிச்சுடும், மேல நட்டு மட்டும் பளபளன்னு இருக்கும்.

அதனால முதல்ல பில்ஜ் தண்ணி. விரலை விட்டு நாக்குல வச்சுப் பாத்தேன் (என் வீட்டுல இதைப் பாத்தா திட்டு விழும்). உப்பு கரிச்சா கடல் தண்ணி, இல்லைன்னா பாய்மரம் வழியா இறங்குன மழைத்தண்ணி. எனக்கு உப்பு. முன்னாடி ரெண்டாவது நட்டைச் சுத்தி டீத்தூள் கலர்ல ஒரு கறையும் இருந்துச்சு. டார்க் ரெஞ்ச் (அளவு வச்சு முறுக்குற ஸ்பேனர்) போட்டு பாத்தேன், எந்த நட்டும் அசையல, அப்பாடா. எவ்ளோ முறுக்கணும்ங்கிற அளவு போல்ட் சைஸுக்கு ஏத்த மாதிரி மாறும், உங்க படகு மேனுவல்ல பாருங்க, கை பலத்தைக் காட்டாதீங்க.

போன வருஷம் நான் என்ன பண்ணேன்னா கோட்டுல எபாக்ஸி ஃபில்லர் வச்சு தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆக்கி ஃபோட்டோ எல்லாம் போட்டேன், ஆகஸ்ட்லயே விரிஞ்சு போச்சு. கல்லு மாதிரி இறுகுறது அது, கீலோ ஒவ்வொரு அலைக்கும் துளி அசையும், எப்படி தாங்கும்? ஊர்ல மரத்தோணிக்கு பலகை இடுக்குல பஞ்சு அடிச்சு கலப்பத்து போடுவாங்கல்ல, அதுவும் தோணியோட சேர்ந்து அசையத்தானே. நமக்கு அந்த வேலைக்கு பாலியூரித்தேன் சீலன்ட், நான் சிகாஃப்ளெக்ஸ்ங்கிற பிராண்டு எடுத்திருக்கேன். சிலிகான் மட்டும் கிட்ட சேக்காதீங்க, அது பட்ட இடத்துல அப்புறம் பெயின்ட் ஒட்டவே ஒட்டாது.

இது சில நாள் கழிச்சு எடுக்குறது, கோட்டை கிரைண்டரால வி மாதிரி 10 மில்லி அகலத்துக்கு திறந்துட்டேன். ஏன் இவ்ளோனு கேப்பீங்க. 2 மில்லி கோட்டுல 1 மில்லி அசைஞ்சா சீலன்ட் பாதி நீளத்துக்கு இழுபடணும், கிழியும், அதே 10 மில்லினா பத்துல ஒரு பங்குதான். திறந்ததும் துருத்தண்ணி சொட்ட ஆரம்பிச்சுது, ரெண்டு நாள் நிக்கவே இல்ல, நல்ல தண்ணி விட்டு உப்பைக் கழுவி காயவிட்டேன். இரும்பை பளிச்சுனு தேய்ச்ச உடனேயே எபாக்ஸி பிரைமர் அடிக்கணும், டீ குடிச்சுட்டு வரலாம்னு போனா மஞ்சளா துரு பூத்துடும், எனக்கு பூத்துச்சு, மறுபடி தேய்ச்சேன்.

டேப் ஒட்டி, அடியில இருந்து அமுக்கி நிரப்பி, விரலால இழுத்து, ஈரமா இருக்கும்போதே டேப்பை உரிச்சேன். துடைக்க ஹேண்ட் சானிடைசர் எடுக்காதீங்க, ஆல்கஹால் பட்டா சீலன்ட் இறுகாது. காத்துல இருக்க ஈரத்தை எடுத்துதான் இறுகும், இந்தக் குளிருக்கு மெதுவாத்தான் ஆகும், அதனால ஒரு வாரம் விடுறேன். அப்புறம்தான் ஆன்டிஃபவுலிங் (பாசி, சிப்பி ஒட்டாம இருக்க அடியில அடிக்கிற பெயின்ட்), அதுவும் தாமிரம் கலந்தது வெறும் இரும்புல படக்கூடாது, அரிப்பு கூடும்.

ஆனா உங்க படகு தரை தட்டியிருந்தா இந்த வீடியோவோட நிறுத்தாதீங்க. 2014 மே மாசம் ஆன்டிகுவாவுல இருந்து இங்க சவுத்தாம்டனுக்கு வந்துட்டிருந்த சீக்கி ரஃபிக்கினு ஒரு படகு அட்லாண்டிக்ல கீல் கழண்டு 4 பேர் உயிர் போயிடுச்சு. முன்னாடி தரை தட்டினதும் அதுக்கப்புறம் பண்ண ரிப்பேரும் உள்ள இருக்க ஃப்ரேம் ஒட்டு தளர்றதுக்கு காரணமா இருந்திருக்கலாம்னு விசாரணை அறிக்கையில இருக்கு. அது வெளிய தெரியாது, பில்ஜ் ஃப்ரேம் ஓரத்துல சுத்தியலால தட்டிப் பாக்கணும், டொக்குனு வெத்து சத்தம் வந்தா சர்வேயரைக் கூப்பிடுங்க.

சரி, ஒவ்வொரு நட்டு அடியிலயும் டிஷ்யூ பேப்பர் வச்சிருக்கேன், தண்ணில இறக்கின மறுநாள் காலையில எது நனைஞ்சிருக்குனு பாத்துட்டு சொல்றேன். கையில இந்த கருப்பு போகவே மாட்டேங்குது பாருங்க.